தேசிய விமான சேவையும் மாத்தளையின் கணக்கும்

மாத்தளை மாவட்டத்தில் ஶ்ரீலங்கன் எயார்லைன்ஸ் விமானம் எதுவும் வந்திறங்குவதில்லை. மாவட்டத்தின் ஒரே விமான நிலையம் சீகிரியாவில் விமானப்படைத் தளத்தோடு சேர்ந்திருக்கும் சிறிய நிலையம். பத்துப் பன்னிரண்டு பேர் அமரக்கூடிய ஒற்றை இயந்திர செஸ்னா ரகங்கள் அதற்குப் பொருத்தம். ஆனாலும் தேசிய விமான சேவையின் நட்டத்தில் இம்மாவட்டத்துக்கும் பங்குண்டு. கலேவெலயில் பெரிய வெங்காயம் பயிரிடுபவரும் இரத்தோட்டையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவரும் கடையில் செலுத்தும் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி திறைசேரிக்குச் செல்கிறது. விமான நிறுவனத்தின் கடனுக்கு உத்தரவாதம் அளித்திருப்பதும் அதே திறைசேரிதான். ஆகவே நிறுவனத்தை விற்பதா, அரசிடமே வைத்திருப்பதா என்று கொழும்பில் பல ஆண்டுகளாக நடக்கும் விவாதம் மாத்தளைக்கு அந்நியமானதல்ல. ஆனால் அதற்கு முன் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு விமான நிறுவனம் எதனால் சம்பாதிக்கிறது, எதனால் இழக்கிறது? எடை, நேரம் ஆகிய இரண்டினாலும்தான் என்று பௌதிகமும் வரலாறும் ஒருமித்துச் சொல்கின்றன. இவ்விரண்டையும் மதித்த காலங்களில் நமது விமான சேவை தலைநிமிர்ந்தது. கௌரவத்துக்காகவும் அதிகாரத்துக்காகவும் இவற்றை மீறிய ஒவ்வொரு தடவையும் நட்டம் வந்தது.

முதலில் எடை. விமானத்தின் இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அதன் எதிர்விசை விமானத்தை மேலே தாங்குகிறது. இந்தத் தாங்குதல் இலவசமாகக் கிடைப்பதில்லை. எடை கூடினால் கீழே தள்ள வேண்டிய காற்றும் கூடும், காற்றுத் தடையும் கூடும். இன்றைய பெரிய பயணிகள் விமானங்களில் தாங்குவிசை காற்றுத் தடையைப் போல ஏறத்தாழ 18 முதல் 20 மடங்கு. அதாவது 200 தொன் எடையுள்ள ஓர் எயார்பஸ் ஏ330 மட்டமாகப் பறக்க, இயந்திரங்கள் இடைவிடாமல் சுமார் 10 அல்லது 11 தொன் உந்துவிசை தந்துகொண்டிருக்க வேண்டும். அந்த 200 தொன்னில் பயணிகளும் பெட்டிகளும் சரக்கும் சிறு பகுதியே. மிகுதி விமானத்தின் உடலும் எரிபொருளும்தான். மேலதிகமாக ஏற்றும் எடையில் மணிக்கு 3 முதல் 4 சதவீதம், அதைச் சுமப்பதற்கான எரிபொருளாகவே கரைந்துவிடும் என்பது விமானத்துறையில் வழங்கும் தோராயக் கணக்கு. லண்டன் போன்ற பத்து மணி நேரப் பயணத்தில் தேவையின்றி ஒரு தொன் ஏற்றினால், அதற்காகவே ஏறத்தாழ 300 கிலோகிராம் எரிபொருள் எரியும். ஆகவே விமானத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் தன் கட்டணத்தைத் தானே ஈட்டித் தந்தாக வேண்டும்.

அடுத்தது நேரம். தம்புள்ளைச் சந்தையில் இன்று விலைபோகாத போஞ்சியை நாளை அதே விலைக்கு விற்க முடியாது. விமான ஆசனம் அதைவிட வேகமாக அழியும் சரக்கு. கதவு மூடப்பட்ட கணத்திலேயே வெறுமையான ஆசனத்தின் பெறுமதி பூச்சியமாகிவிடுகிறது. விமானக் குத்தகை, விமானிகளின் சம்பளம், தரையிறங்கும் கட்டணம், எரிபொருளின் பெரும்பகுதி எல்லாம் ஆசனங்கள் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் ஒன்றுதான். ஆகவே ஒரு பயணத்தின் முதல் நூறு பயணிகள் செலவை ஈடுசெய்ய, கடைசி இருபது முப்பது பேரே இலாபத்தையோ நட்டத்தையோ முடிவு செய்கிறார்கள். குத்தகைப் பணமோ விமானம் பறந்தாலும் தரையில் நின்றாலும் டொலரில் போய்க்கொண்டே இருக்கும். நெடுந்தூர விமானம் ஒன்று நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்தால்தான் கணக்கு சரிவரும். 2023 இல் இயந்திரங்கள் கிடைக்காமல் ஶ்ரீலங்கனின் சில விமானங்கள் தரித்து நின்றபோது, தாமதமும் இரத்தும் பயணிகளை வாட்டியது ஒருபுறம், சம்பாதிக்காத விமானங்களுக்கான செலவு தொடர்ந்தது மறுபுறம்.

நேரத்தோடு பிணைந்த வலையமைப்பின் கணிதம் ஒன்றும் உண்டு. 20 நகரங்களுக்குக் கட்டுநாயக்கவிலிருந்து விமானம் இருந்தால், கட்டுநாயக்கவில் மாறிச் செல்லக்கூடிய நகரச் சோடிகள் 190 ஆகின்றன. நகரங்கள் பத்தாகக் குறைந்தால் சோடிகள் பாதியாகக் குறைவதில்லை, 45 ஆகச் சுருங்கிவிடுகின்றன. திருச்சியிலிருந்து வரும் பயணி கட்டுநாயக்கவில் மாறி மெல்பேணுக்கோ துபாய்க்கோ போவது இந்தக் கணிதத்தால்தான் சாத்தியமாகிறது. ஆனால் விமானங்கள் சில மணி நேர இடைவெளிக்குள் அலையலையாக வந்து சேர்ந்து, அலையலையாகப் புறப்பட்டால் மட்டுமே அது பலிக்கும். கட்டுநாயக்கவில் இருப்பதோ ஒரே ஓடுபாதை. அதைப் புதுப்பிக்க 2017 ஜனவரி முதல் ஏப்ரல் வரை பகல் வேளைகளில் மூடியபோது, அட்டவணை முழுவதையும் இரவுக்குள் நெருக்க வேண்டி வந்தது. தீவின் விமான சேவைக்கு இந்த இணைப்புப் பயணிகள் இன்றியமையாதவர்கள். உள்ளூர்ப் பயணிகளை மட்டும் நம்பி நெடுந்தூர விமானங்களை நாள்தோறும் நிரப்ப, 2 கோடியே 20 இலட்சம் பேர் வாழும் நாட்டால் இயலாது.

இந்த அளவுகோலை வரலாற்றின் மீது வைத்துப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தென்னிந்தியத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். அந்த வழியில் பசியாலும் கொள்ளைநோயாலும் மாண்டவர்கள் ஏராளம். 1880 இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. மக்கள் காலங்காலமாகக் கடந்த அதே நீரிணையின் மேல், உண்மையான தேவை இருந்த தடத்தில் தொடங்கப்பட்ட சேவை அது. ஆனால் நெடுந்தூரம் பறக்கும் ஆசை அந்நியத் துணையை வேண்டியது. ஆஸ்திரேலிய நிறுவனம், பிறகு கேஎல்எம், பிறகு பிஓஏசி, பிறகு பிரான்சின் யூடிஏ எனக் கூட்டாளிகள் மாறியபோதெல்லாம் விமான ரகங்களும் மாறின. 1969 இல் வாங்கிய டிரைடென்ட் ஜெட் ஒன்றே ஒன்று. ஒற்றை விமானத்துக்காக உதிரிப்பாகம், விமானிப் பயிற்சி, பராமரிப்பு என எல்லாவற்றையும் தனியாக வைத்திருக்க வேண்டும். அது பழுதானால் அட்டவணையே படுத்துவிடும். எயார் சிலோன் 1978 இல் முடிவுக்கு வந்தது.

1979 செப்டெம்பரில் சிங்கப்பூர் எயார்லைன்ஸிடமிருந்து பெற்ற இரண்டு போயிங் 707 விமானங்களோடு எயார் லங்கா பறக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் இரண்டு போயிங் 747 களும் சேர்ந்தன. அவற்றை நிரப்பும் அளவுக்கு இச்சிறு நாட்டில் பயணிகள் இல்லை. விரைவிலேயே அவை கைவிடப்பட்டன. 1998 இல் எமிரேட்ஸ் பங்காளியாகி முகாமைத்துவத்தை ஏற்றது. எயார் லங்கா ஶ்ரீலங்கன் ஆனது, விமானங்கள் எயார்பஸ் என்ற ஒரே குடும்பத்துக்குள் வந்தன. 2001 ஜூலை 24 அன்று கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதலில் அதன் பெரிய விமானங்கள் சில அழிந்த பிறகும் நிறுவனம் மீண்டெழுந்து இலாப ஆண்டுகளைக் கண்டது. 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்பவிருந்த ஜனாதிபதியின் குழுவினருக்காக, பணம் செலுத்திய பயணிகளை இறக்கிவிட நிறுவனம் மறுத்தது. எமிரேட்ஸ் நியமித்த தலைமை நிறைவேற்று அதிகாரியின் விசா இரத்தானது. 2008 இல் முகாமைத்துவம் அரசின் கைக்குத் திரும்பியது. நிரம்பிய விமானத்தில் ஆசனம் யாருக்குரியது என்ற கேள்விதான் அன்று தீர்மானமானது. அதன் பின் பெரும்பாலான ஆண்டுகளில் நட்டமே எஞ்சியது.

அதன் பின்னான முடிவுகளும் இதையே காட்டுகின்றன. ஹம்பாந்தோட்டை மாவட்டத்தின் மத்தலயில் ஏறத்தாழ 21 கோடி டொலர் செலவில் 2013 மார்ச்சில் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. தேசிய நிறுவனம் என்பதால் ஶ்ரீலங்கன் அங்கே இறங்கியே ஆக வேண்டியிருந்தது. ஒவ்வொரு இறக்கமும் ஒரு மேலதிக ஏற்றம், மேலதிக எரிபொருள், கட்டுநாயக்கவின் இணைப்பு அலையில் ஓர் ஓட்டை. 2015 ஜனவரியில் அச்சேவை நிறுத்தப்பட்டது. 2013 இலேயே ஆறு ஏ330-300 விமானங்களும், நான்கு ஏ350 விமானங்களும், குத்தகைக்கு மேலும் நான்கு ஏ350 களும் ஒப்பந்தமாயின. ஏ350 சிறந்த விமானம்தான். ஆனால் அதை நிரப்பும் தடம் நம்மிடம் இருந்ததா? குத்தகை ஒப்பந்தங்களைக் கைவிட ஶ்ரீலங்கன் பெருந்தொகை இழப்பீடு செலுத்த நேர்ந்தது. இந்தக் கொள்வனவுக்காக ஶ்ரீலங்கன் உயரதிகாரி ஒருவரின் மனைவிக்குச் சொந்தமான நிறுவனத்துக்கு 20 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டதும், கொடுக்க முன்வந்த தொகை அதைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதும், 2020 ஜனவரியில் பிரித்தானிய நீதிமன்றத்தின் முன் எயார்பஸ் ஏற்றுக்கொண்ட உண்மைக் கூற்றறிக்கையில் பதிவாகியுள்ளன.

2022 இல் எடையும் நேரமும் நாணயமும் ஒன்றாகத் தாக்கின. மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த பெறுமதி மே மாதத்தில் 360 ஐ எட்டியது. டொலர் கடன் அசையாமலேயே ரூபாவில் பெருகியது. நாட்டில் விமான எரிபொருள் தட்டுப்பட்டபோது, நெடுந்தூர விமானங்கள் கட்டுநாயக்கவிலிருந்து குறைந்த எரிபொருளோடு கிளம்பி, திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. திருவனந்தபுரம் சுமார் 350 கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் விமானம் மிக அதிகமாக எரிபொருள் குடிப்பது ஏறும்போதே. ஒரே பயணத்துக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம், இரண்டாவது விமான நிலையக் கட்டணம், விமானிகளின் பணி நேரத்தில் ஓரிரு மணி நேரக் கழிவு என அந்தச் சிறு தாவல் தொடர்ந்த பயணம் முழுவதன் கணக்கையும் குலைத்தது. குறுந்தூர விமானங்களோ அயல்நாடுகளில் நிரப்பிய எரிபொருளைத் திரும்பி வரும்போது சுமந்து வந்தன. எரிபொருளைச் சுமக்கவே எரிபொருளை எரித்த நாள்கள் அவை. ஆயினும் சேவை நிற்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

இவ்வளவு நட்டத்துக்கு ஈடாக மாத்தளைக்கு என்ன கிடைக்கிறது? சீகிரியாக் குன்றும் தம்புள்ளைக் குகை விகாரையும் உலக மரபுரிமைச் சின்னங்கள். 2024 இல் நாட்டுக்கு வந்த 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளில் கணிசமானோர் இந்த மாவட்டத்தின் வழியே செல்கிறார்கள். வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகளின் பயணம், திருச்சி, மதுரையோடு மலையகத் தமிழருக்கு இருக்கும் உறவு ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும். அதிகம் பேசப்படாத பயன் சரக்கு. மாத்தளையின் மிளகும் கராம்பும் சாதிக்காயும் உலர்ந்தவை. கப்பலில் வாரக்கணக்கில் போனாலும் கெடாது, ஆகவே அவற்றுக்கு விமானம் தேவையில்லை. பாகற்காயும் பயிற்றங்காயும் கறிவேப்பிலையும் அப்படியல்ல. பறித்த பின்னும் காய் சுவாசித்துக்கொண்டே இருக்கும். வெப்பநிலை 10 பாகை ஏறினால் அந்தச் சுவாசம் இரண்டு முதல் மூன்று மடங்காகும். குளிரூட்டிய 10 பாகையில் இருப்பதைவிட, தம்புள்ளையின் 30 பாகை வெயிலில் அதே காய் 4 முதல் 9 மடங்கு வேகமாகத் தன்னைத்தானே எரித்து முடிக்கிறது. ஒரு ஏ330 தன் அடிவயிற்றில் பயணிகளின் பெட்டிகளோடு 10 தொன் அளவில் சரக்கையும் ஏற்றக்கூடியது. பறக்கும் செலவின் பெரும்பகுதியை மேலே இருப்பவர் ஏற்கனவே செலுத்திவிட்டார். கீழே இருக்கும் மரக்கறிக்கு நியாயமான கட்டணம் சாத்தியமாவது இதனால்தான்.

ஆனால் இங்கேயும் நேரத்தின் கணக்கு நம்மைத் திருத்துகிறது. கட்டுநாயக்கவிலிருந்து மாலைதீவின் மாலே 770 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரப் பறப்பு. தம்புள்ளையிலிருந்து கட்டுநாயக்க 130 கிலோமீட்டர்தான். ஆனால் லொறிக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். உரப்பைகளில் அமுக்கிக் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடிய லொறியில் அடியிலுள்ள காய்கள் நசுங்கி, தம் சுவாசத்தின் வெப்பத்திலேயே வெந்துபோகின்றன. அறுவடைக்குப் பின் நமது மரக்கறியிலும் பழத்திலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது என்பது பொதுவான மதிப்பீடு. பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டாயமாக்க 2011 இல் அரசு எடுத்த முயற்சி விவசாயிகளின் எதிர்ப்பில் தடைப்பட்டது. கூடையின் விலையையும் அது பிடிக்கும் லொறி இடத்தின் விலையையும் அவர்கள் தலையிலேயே சுமத்தினால் எதிர்ப்பு வரத்தானே செய்யும்? 2025 ஏப்ரலில் இந்திய உதவியுடன் தம்புள்ளையில் 5,000 தொன் கொள்ளளவுள்ள வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் களஞ்சியம் திறக்கப்பட்டது நல்ல தொடக்கம். அந்தக் களஞ்சியத்துக்கும் விமானத்தின் அடிவயிற்றுக்கும் இடையே குளிர் அறுபடாத ஒரு சங்கிலி அமைந்தால்தான் தேசிய விமானத்தால் மாத்தளை விவசாயிக்குப் பயன்.

இதெல்லாவற்றையும் வெளிநாட்டு விமானங்களே செய்துவிடுமே என்பது முதல் ஆட்சேபம். சாதாரண காலத்தில் இது பெருமளவு உண்மை. கட்டார், எமிரேட்ஸ், இண்டிகோ எதுவும் நம்மை மறந்துவிடவில்லை. ஆனால் அவற்றின் விமானம் எந்த நாளும் வேறொரு நகரத்துக்குத் திருப்பிவிடக்கூடியது. 2001 தாக்குதலுக்குப் பின் போர்க்காலக் காப்புறுதிக் கட்டணம் எகிறியபோது வெளிநாட்டு நிறுவனங்கள் சேவையைக் குறைத்தன. 2020 இல் வானம் மூடப்பட்டபோது, வெளிநாடுகளில் சிக்கியவர்களை அழைத்து வந்ததிலும், பயணிகள் விமானங்களில் சரக்கை மட்டும் ஏற்றிச் சென்று ஏற்றுமதியைக் காத்ததிலும் ஶ்ரீலங்கனின் பங்கு பெரிது. கடலால் சூழப்பட்ட, அயலுக்குத் தரைவழியே இல்லாத நாட்டுக்கு இது ஒரு காப்புறுதி. காப்புறுதிக்குத் தவணைப் பணம் உண்டுதான். எவ்வளவு என்று தெரிந்து செலுத்த வேண்டும் என்பதே என் வாதம். இன்றோ அந்தத் தொகை யாருக்கும் தெரியாது. நிறுவனத்துக்கு உணவு வழங்கும் துணை நிறுவனமும் தரைச் சேவையும் ஈட்டும் வருமானம் பறப்பின் நட்டத்தை ஓரளவு மூடிவிடுகிறது. எந்தத் தடம் எவ்வளவு இழக்கிறது என்பது பொதுமக்களின் பார்வைக்கு வருவதில்லை.

விற்றுவிட்டால் தீர்ந்தது என்பது இரண்டாவது ஆட்சேபம். எயார் இந்தியாவை 2022 ஜனவரியில் டாட்டா குழுமம் பொறுப்பேற்றது. ஏலத் தொகை 18,000 கோடி இந்திய ரூபா. அதில் அரசுக்குப் பணமாகக் கிடைத்தது 2,700 கோடிதான், மிகுதி 15,300 கோடி கடனை ஏற்றது. எஞ்சிய கடன் இந்திய அரசின் தலையிலேயே தங்கியது. பழைய கடன் விற்பனையால் மறைந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று. நம்மிடமும் 2024 ஜூனில் முதிர்ந்த 17 கோடியே 50 இலட்சம் டொலர் முறிக்கு அரசே உத்தரவாதம். தனியார் வசம் இருந்தாலும் கணக்கை மீறினால் வீழ்ச்சி நிச்சயம். பெரும் பெயர் பெற்ற சுவிஸ் எயார் 2001 அக்டோபரில் பணமின்றித் தரையில் நின்றது. அரசிடம் இருக்கிறதா, தனியாரிடம் இருக்கிறதா என்பதைவிட, முடிவெடுப்பவர் எடைக்கும் நேரத்துக்கும் கட்டுப்பட்டவரா என்பதே முக்கியம்.

சீகிரியாவைச் சர்வதேச விமான நிலையமாக்கினால் மாத்தளை செழிக்கும் என்ற யோசனையையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்கும் இயந்திரத்துக்கும் அது குறைந்த பிடிமானமே தரும். ஆகவே வெப்ப நாட்டில் நிறைந்த எடையோடு எழும்பப் பெரிய விமானங்களுக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். கட்டுநாயக்கவில் அது 3 கிலோமீட்டருக்கு மேல். அத்தகையதொன்றைச் சீகிரியாவில் அமைக்கக் காடும் வயலும் யானைகளின் நடமாட்டப் பாதையும் பலியாகும். உலக மரபுரிமைச் சின்னத்தின் மேல் ஜெட் இரைச்சலும் வந்து சேரும். அத்தனைக்கும் பிறகு அங்கே இறங்கும் விமானம் கட்டுநாயக்கவின் இணைப்பு வலையை இழந்ததாகவே இருக்கும். மத்தலயில் ஒருமுறை கற்ற பாடத்தை இன்னொரு முறை பணம் கொடுத்துக் கற்க வேண்டியதில்லை. அதே பணத்தில் தம்புள்ளைக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையே குளிரூட்டிய போக்குவரத்தை நிறுவுவது எத்தனையோ மடங்கு பயன் தரும்.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு தடத்தின் வரவு செலவும் ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் வெளிப்படையாக வைக்கப்பட வேண்டும். அரசு ஒரு சேவையை நாட்டு நலனுக்காகக் கேட்டால், அதன் விலையை வரவு செலவுத் திட்டத்தில் எழுதி அரசே செலுத்த வேண்டும், நிறுவனத்தின் கடனில் மறைக்கக்கூடாது. விமானம் வாங்கும் எந்த ஒப்பந்தமும் கையொப்பமாகுமுன், அதை நிரப்பும் தடம் எதுவென்று சுயாதீன நிபுணர்கள் கணித்துப் பகிரங்கப்படுத்த வேண்டும். இந்த மூன்றும் நிறைவேறினால் அரசிடம் இருந்தாலும் விமான சேவை பிழைக்கும். நிறைவேறாவிட்டால் யாரிடம் கொடுத்தாலும் நட்டம் மக்களிடமே திரும்பி வரும். 2012 கணக்கெடுப்பில் மாத்தளை மாவட்டத்தின் மக்கள்தொகை 4 இலட்சத்து 84 ஆயிரம். விமானத்தில் ஒருமுறையும் ஏறாதவர்களும் அவர்களில் ஏராளம். ஆனால் வரி செலுத்துபவர்கள் என்ற முறையில் அவர்கள் எல்லோரும் இந்த நிறுவனத்தின் உரிமையாளர்கள். உரிமையாளர் கணக்குக் கேட்பது உரிமை. வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் அந்தக் கணக்கை மாத்தளை கேட்க வேண்டும்.